தட்டினேன் என்றால் எந்தத் தட்டு

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிகிறது. என்னைவிட நன்றாகத் தெரிகிறது. அதனால்தான் எனக்குக் கொஞ்சம் பயம். மொழி அரைகுறையாகத் தெரிந்தவன் ஒரு சொல்லின் முன்னால் நின்று யோசிப்பான். நன்றாகத் தெரிந்தவனுக்கு நாலு சொல் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். முதலில் வந்ததை விட்டுவிடுவான். கோர்ட்டில் நாம் விடுகிற சொல்லுக்கு இன்னொருவன் உள்ளே போவான். இதை மறக்கக் கூடாது.

பிரமாணம் எப்படிச் செய்துவைப்பது, எங்கே நிற்பது, எப்போது வாய் திறப்பது என்பதெல்லாம் ஆபீசில் சொல்லித்தருவார்கள். நான் ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன். முதல் யுத்தம் முடிந்து, ரப்பர் விலை விழுவதற்கு முந்திய வருஷங்கள். நம் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுன் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தமிழ் இன்டர்பிரிட்டராகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

வழக்குப் போட்டவர் நாகலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். கப்பல் ஏஜென்சி ஒன்றில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அவருடைய ஆங்கிலத்தை வெள்ளைக்காரத் துரைமாரே கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் அணுகுவார்கள் என்று பேச்சு. பிறர் பேசும் ஆங்கிலத்தை அவர், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிக் கேட்பார். ‘ஷல்’ வரவேண்டிய இடத்தில் ‘வில்’ சொன்னார் என்று எனக்கு முன் இருந்த இன்டர்பிரிட்டரைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிப்போட்டவர் அவர்தான். நான் சேர்ந்த சமயம் அந்த மனிதர் தாசேக் கெலுகோர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரப்பர் பால் நிறுத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாகலிங்கம் சுத்த சைவம். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் கொல்லாமையைப் பற்றிப் பேசுவார். நன்றாகவே பேசுவார். கத்தோலிக்கனான நானே ஒருமுறை வெளியே நின்று கேட்டுவிட்டு, அன்று மட்டும் மீன் வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

குற்றம் சாட்டப்பட்டவர் காதர் பாய். காவடி மாதிரி ஒரு தண்டைத் தோளில் வைத்து, ஒரு முனையில் சோறும் மறு முனையில் கறிச்சட்டிகளுமாகத் தூக்கிவந்து, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் விற்பவர். சட்டிகளில் ஆடு, கோழி, மீன் எல்லாம் இருந்தாலும் அவர் பெயர் வாங்கியது கத்தரிக்காய்க் குழம்பில். வாயில் போட்டால் கரைந்துவிடும் என்பார்கள். அவர் முன்னாலேயே அப்படிச் சொல்வார்கள், அவரும் மறுக்கமாட்டார்.

நடந்தது என்ன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கோர்ட்டில் நின்றபோது, நாகலிங்கம் வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பதைத் தவிர இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. மற்றதெல்லாம் பின்னால் காதர் பாய் சொல்லித் தெரிந்துகொண்டதுதான்.

நாகலிங்கத்தின் மூத்த பெண்ணுக்குத் தைப்பிங்கில் வேலை பார்க்கும் ஒரு பையனைப் பேசியிருந்தார்கள். பையனின் தகப்பனார் ஊரிலிருந்து கப்பலில் வந்து நாகலிங்கம் வீட்டிலேயே தங்கியிருந்தார். சம்பந்தியாகப் போகிறவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று, வழக்கமாகவே கண்டிப்பான சமையலறை இன்னும் கண்டிப்பாகிவிட்டது. வெங்காயம்கூட விசாரிக்கப்பட்டுத்தான் உள்ளே போனது.

ஒரு நாள் மதியம் நாகலிங்கத்தால் பொறுக்க முடியவில்லை. ஆபீசிலிருந்து வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு, கடைகளின் முன்னே ஓடும் நடைபாதைக்குப் போனார். ஒரு தூணுக்குப் பின்னால், தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று, காதர் பாயிடம் ஒரு தட்டுச் சோறு வாங்கினார். மேலே கணவாய் மீன் கேட்டார். அவருக்கு அப்போதுதான் மேல்வரிசைக்குப் புதிதாகப் பொய்ப்பல் கட்டியிருந்தார்கள். கணவாயைப் பொய்ப்பல்லால் மெல்லுவது ரப்பர் செருப்பை மெல்லுவதற்குச் சமம். அவசரத்தில் விழுங்கப் பார்த்தார். அது பாதி வழியில் நின்றுகொண்டது.

அவர் கண் பிதுங்கி, முகம் நீலமாகிக்கொண்டு வந்ததைக் காதர் பாய் பார்த்தார். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, சுற்றிவந்து, முதுகில் ஒன்று போட்டார். கணவாய் வெளியே வந்தது. கூடவே பல்லும் வந்தது. இரண்டும் சாக்கடையைத் தாண்டி நடுத்தெருவில் விழுந்தன. கணவாயைக் காகம் கொண்டுபோனது. பல்லின்மேல் ரிக்‌ஷா ஏறியது.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் கோயிலில் அவர் பேச்சைக் கேட்கிற ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். பொக்கை வாயோடு மூச்சுவாங்கிக்கொண்டு நின்ற நாகலிங்கத்தைப் பார்த்து, “என்னங்கய்யா, இவன் அடிச்சானா?” என்று கேட்டார். பதில் சொல்ல மூச்சும் இல்லை, பல்லும் இல்லை. தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சம்பந்தியாகப் போகிறவர் வாசலிலேயே கேட்டாராம், “அடிச்சவனைச் சும்மா விடுறதே? கோட்டுக்குப் போங்கோ.” போகாவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். போனார்.

விசாரணை நாளன்று முன்வரிசை பெஞ்சில் அந்தச் சம்பந்தி வந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, நெற்றி நிறைய விபூதி. ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. ஆனால் பெண்ணின் தகப்பனார் வெள்ளைக்கார நீதிபதி முன்னால் ஆங்கிலத்தில் பேசுவதைப் பார்க்க வேண்டுமென்று வந்திருந்தார்.

மாஜிஸ்திரேட் வயதில் சின்னவர். மலாய் நன்றாகத் தெரியும், தமிழ் தெரியாது. சரியான வினைச்சொல் கிடைக்கும்வரை பேனாவைக் காகிதத்தில் வைக்கமாட்டார். திருடன் ஓடினான் என்றால், ஓடினானா, தப்பினானா, நழுவினானா என்று கேட்பார். நாமும் அந்த மூன்றுக்கும் மூன்று ஆங்கிலச் சொல் வைத்திருக்க வேண்டும்.

நாகலிங்கம் சாட்சிக்கூண்டில் ஏறினார். இன்டர்பிரிட்டர் வேண்டாம், ஆங்கிலத்திலேயே சொல்கிறேன் என்றார். நான் கைகட்டி நின்றேன். அவருக்குப் புதுப் பல் இன்னும் வரவில்லை. வாயைத் திறந்ததும் காற்றுதான் அதிகம் வந்தது.

தன்னை அடித்து நொறுக்கினான் என்பதற்கு அவர் தேர்ந்தெடுத்திருந்த சொல் ‘பேட்டர்ட்’. வீட்டில் அகராதியைப் பார்த்து எடுத்துவந்த சொல்லாக இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட் காதில் அது ‘பேட்டட்’ என்று விழுந்தது. செல்லமாகத் தட்டிக்கொடுத்தான் என்று பொருள். நம் எழுத்தில் எழுதினால் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான். பொக்கை வாயிலும் ஒன்றாகத்தான் இருந்தது.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து, “உங்களைத் தட்டிக்கொடுத்ததற்காகவா வழக்கு?” என்றார்.

“தட்டிக்கொடுக்கவில்லை, துரையவர்களே. தட்டிக்கொடுத்தான்,” என்றார் நாகலிங்கம். அதாவது, அவர் சொன்னது அப்படித்தான் கேட்டது.

மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார். “இவர் என்ன சொல்கிறார்?”

“யுவர் ஒர்ஷிப், அவர் ஆங்கிலத்தில் பேசுகிறார்,” என்றேன்.

“அது தெரிகிறது. என்ன சொல்கிறார்?”

தம்பிமாரே, இதற்கு எந்தப் புத்தகத்திலும் வழி இல்லை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சொல்லத்தான் எனக்குப் பிரமாணம். ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்குச் சொல்ல அல்ல. அவர் சொல்ல வந்தது எனக்குப் புரிந்துவிட்டது. நான் எடுத்துக்கொடுத்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும், அவருக்கும் என்மேல் பிரியம் வந்திருக்கும். ஆனால் சாட்சியின் வாயில் நாம் சொல் போடக் கூடாது. பல் இல்லாத வாயாக இருந்தாலும் போடக் கூடாது. “அவரையே எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லலாம்,” என்றேன். ‘பி’ என்று தொடங்கும்போதே மறுபடி அதே தகராறு வந்தது. கடைசியில் ‘ஸ்ட்ரக்’ என்று மாற்றிக்கொண்டார். அடித்தான். மாஜிஸ்திரேட் அதையும், பல் நடுத்தெருவில் போய் விழுந்ததையும் எழுதிக்கொண்டார்; நான் காதர் பாய்க்குத் தமிழில் சொன்னேன். அகராதிச் சொல் வீணாய்ப் போனதில் நாகலிங்கத்துக்கு வந்த வருத்தம், அடிபட்டதைச் சொன்னபோதுகூட அவர் முகத்தில் இல்லை.

அடுத்து காதர் பாய். மாஜிஸ்திரேட் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். “இவரை அடிச்சீங்களா?”

“அடிக்கலைங்க. தட்டுனேன்.”

நான் வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். கதவைத் தட்டுகிறோம், குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிறோம், தோளைத் தட்டிக் கூப்பிடுகிறோம், முதுகில் தட்டிப் பாராட்டுகிறோம், பாயைத் தட்டித் தூசி எடுக்கிறோம். கன்னத்தில் ரெண்டு தட்டு தட்டினேன் என்கிறவனும் அதே சொல்லைத்தான் சொல்கிறான். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றும் வேறு ஆள். விரல் நுனியால் என்றால் ‘டாப்’, அன்போடு என்றால் ‘பேட்’, விரித்த கையால் சுள்ளென்று என்றால் ‘ஸ்லாப்’, கை மொத்தத்தையும் இறக்கினால் ‘தம்ப்’, கெட்ட எண்ணத்தோடு என்றால் ‘ஸ்ட்ரைக்’. முதலாவதைச் சொன்னால் காதர் பாய் வீட்டுக்குப் போவார். கடைசியைச் சொன்னால் சிறைக்குப் போவார், தெருவில் கடை போடும் லைசென்சும் அதோடு போய்விடும். முடிவு என் நாக்கில் இருந்தது. பெரிய கிராணி என் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யுவர் ஒர்ஷிப், அவர் சொன்ன சொல் மெல்லத் தொடுவது முதல் ஓங்கிப் போடுவது வரைக்கும் பொருந்தும். எது என்று எனக்குத் தெரியாது. அவரையே கேட்க அனுமதி வேண்டும்,” என்றேன்.

தெரியாது என்று கோர்ட்டில் சொல்வது கேவலமில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதுதான் கேவலம்.

“எதற்காகத் தட்டினான் என்று கேளுங்கள். காரணம் தெரிந்தால் சொல்லும் தெரிந்துவிடும்,” என்றார் மாஜிஸ்திரேட். நியாயமான யோசனை.

கேட்டேன். காதர் பாய் தரையைப் பார்த்தார். “அதச் சொல்ல முடியாதுங்க. வியாபார விஷயம்.”

சொன்னேன். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “முதுகில் தட்டுவது இவனுடைய வியாபாரமா?”

“இல்லீங்க. நாசி கண்டார்.”

“பிறகு ஏன் தட்டினான்?”

“அது எனக்கும் அவருக்கும் உள்ளதுங்க.”

இதன் அர்த்தம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. டவுனில் சைவம் என்று பெயரெடுத்தவர்களில் பாதிப்பேர் காதர் பாயின் தூணுக்குப் பின்னால் நின்றவர்கள்தான். ஒருவருடைய தட்டில் என்ன இருந்தது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டால் அடுத்த நாள் ஒருவரும் வரமாட்டார்கள். ஆகவே மனிதர் வாயைக் கட்டிக்கொண்டு நின்றார். நாகலிங்கமும் வேறு காரணத்துக்காக அதே விஷயத்தை மறைத்துக்கொண்டு நின்றார். வாதியும் பிரதிவாதியும் ஒரே ரகசியத்தைக் காப்பாற்றிய வழக்கு என் சர்வீசில் அது ஒன்றுதான். நடுவில் ஒன்றும் தெரியாமல் நான்.

மாஜிஸ்திரேட்டுக்குப் பொறுமை போய்விட்டது. “சரி. எப்படித் தட்டினான் என்று செய்து காட்டச் சொல்லுங்கள்.”

“யாரு மேலங்க?” என்றார் காதர் பாய்.

எல்லோரும் சுற்றிப் பார்த்தோம். பியூன் கதவுப் பக்கம் நகர்ந்தான். சீக்கியக் கார்ப்பரல் இருந்தார். அவர் முதுகு காதர் பாய்க்கு எட்டாது. மாஜிஸ்திரேட்டின் பார்வை மெதுவாக என்மேல் வந்து நின்றது.

நான் திரும்பி நின்றேன். “மன்னிச்சுக்கங்க, தம்பி,” என்று சொல்லிவிட்டுக் காதர் பாய் என் கோட்டில் தூசி தட்டுவதுபோல ஒன்று தட்டினார்.

“இதற்கா பல் நடுத்தெருவில் விழுந்தது? உண்மையாகச் செய்யச் சொல்லுங்கள்.”

என் முதுகுக்கு எதிராக நானே மொழிபெயர்த்தேன். “பாய், அன்னைக்குச் செஞ்ச மாதிரியே செய்யணுமாம்.”

செய்தார். என் மூக்குக்கண்ணாடி மாஜிஸ்திரேட் மேசைக்குப் பறந்துபோய் மைக்கூட்டில் சாய்ந்து நின்றது. நெஞ்சுக்குள்ளிருந்து நான் அறியாத ஒரு சத்தம் வந்தது. பெஞ்சில் இருந்த சம்பந்தி எழுந்தே விட்டார்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியை எடுத்துத் துடைத்துத் தந்தார். நல்ல மனிதர். பிறகு ஆர்வத்தோடு கேட்டார், “இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். என்ன வினைச்சொல்?”

தெரிந்திருந்தது. முதுகு முழுக்கத் தெரிந்திருந்தது. நாகலிங்கமும் தன் இடத்திலிருந்தே “பேட்டர்ட்” என்று எடுத்துக்கொடுத்தார். ஆனாலும் இதைக் கேளுங்கள், தம்பிமாரே. நான் சொன்னால் அது காதர் பாயின் சொல் அல்ல, என் முதுகின் சொல். இன்டர்பிரிட்டருக்குக் கோர்ட்டில் காது உண்டு, வாய் உண்டு. முதுகு கிடையாது.

“யுவர் ஒர்ஷிப், அவர் சொல்வதைச் சொல்லத்தான் எனக்குப் பிரமாணம். எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் நான் சாட்சியாகிவிடுவேன். பிறகு வேறு இன்டர்பிரிட்டர் வர வேண்டும்,” என்றேன். மூச்சு வாங்கியதால் இதை மூன்று தவணையில் சொன்னேன்.

நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துக் காதர் பாய்க்கு மனம் கேட்கவில்லை. “அதாங்க, ஒங்க தொண்டையில ஒண்ணும் இல்லையில்ல. இருந்திருந்தா அது வந்திருக்கும். இல்லாததால கண்ணாடி போயிருச்சு,” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

“என்ன சொன்னான்?” என்றார் மாஜிஸ்திரேட்.

இது எனக்குச் சொன்ன ஆறுதல்தானே, கோர்ட்டுக்குச் சொன்ன பதில் இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. நாகலிங்கத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை. ஒரு பெண்ணின் தகப்பன் கைகூப்பாமல் கைகூப்புகிற முகம். என்ன விஷயம் என்று தெரியாவிட்டாலும், இந்த ஒரு வாக்கியம் மாஜிஸ்திரேட்டுக்குப் போனால் அவர் வீட்டில் ஏதோ இடிந்துவிடும் என்பது மட்டும் தெரிந்தது. சொல்லாவிட்டால் காதர் பாய் சிறைக்குப் போவார் என்பதும் தெரிந்தது. சொல்லை எடைபோட்டுத் தேர்ந்தெடுக்க நமக்கு உரிமை உண்டு. ஒரு வாக்கியத்தை விழுங்க உரிமை இல்லை. சொன்னேன்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கையில் எடுத்தார். நாகலிங்கத்தை மறுபடி கூண்டில் ஏறச் சொன்னார். இனி நடந்தது ஆங்கிலத்தில்.

“உங்கள் தொண்டையில் ஏதாவது சிக்கியிருந்ததா?”

“சிக்கவில்லை. தயங்கியது.”

“நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா?”

“சாப்பிடவில்லை, துரையவர்களே. சுவை பார்த்தேன்.” ஈட் இல்லை, டேஸ்ட். அந்த நிலையிலும் சொல்லைப் பொறுக்கி எடுத்தார். எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

“எவ்வளவு சுவை பார்த்தீர்கள்?”

“ஒரு தட்டு.”

“எதை?”

நாகலிங்கம் முன்வரிசையைப் பார்த்தார். சம்பந்தி ஒன்றும் புரியாமல் பெருமையோடு உட்கார்ந்திருந்தார். பிரமாணம் செய்தாயிற்று என்பதை நாகலிங்கம் மறந்துவிட்டாரோ, அல்லது நினைவு வைத்துக்கொண்டே சொன்னாரோ தெரியாது. “கத்தரிக்காய்,” என்றார்.

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டு என்னிடம் திரும்பினார். “இதைப் பிரதிவாதிக்குச் சொல்லுங்கள்.”

சட்டம் அது. தனக்கு எதிராக என்ன சொல்லப்பட்டது என்பது குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் புரிய வேண்டும். நான் நின்ற இடத்திலிருந்து உரக்கச் சொல்வதுதான் வழக்கம். உரக்கச் சொன்னால், நாசி கண்டார்க் கடையில் ஒரு தட்டு என்பது முன்வரிசைக்கும் போகும். கத்தரிக்காய் ஆனாலும் ஆட்டுச்சட்டிக்குப் பக்கத்துச் சட்டிக் கத்தரிக்காய். ஆனால் சட்டம் கேட்பது பிரதிவாதிக்குப் புரிய வேண்டும் என்பதை மட்டும்தான். பெஞ்சுக்குப் புரிய வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. நான் காதர் பாய் நின்ற கூண்டருகே போய், அவர் காதோடு சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. குரலை மட்டும் குறைத்தேன். இதைத் தந்திரம் என்று நினைக்காதீர்கள். யாருக்குச் சேர வேண்டிய சொல்லோ அவரிடம் சேர்ப்பதும் நம் வேலைதான்.

“தொண்டையில சிக்கலையாம், தயங்குச்சாம். சாப்பிடலையாம், சுவை பார்த்தாராம், ஒரு தட்டு. பார்த்தது கத்தரிக்காயாம்,” என்றேன்.

காதர் பாயின் முகம் மாறியது. சிறைக்கு அசையாத மனிதர். லைசென்ஸ் போகும் என்பதற்கும் அசையாத மனிதர்.

“என்னது?”

“கத்தரிக்காய்.”

“எங் கத்தரிக்காயா? தயங்குச்சா?” கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குரல் உயர்ந்தது. “பல்லே இல்லாத கெழவனெல்லாம் எங்கிட்ட வந்து கத்தரிக்காய் வாங்கித் திங்கிறான். அது சிக்குமா? ஐயா, நீங்க என்ன தண்டனை வேணாலும் குடுங்க. எங் கத்தரிக்காயச் சொல்லாதீங்க. அவர் தின்னது கணவா. கணவா.” மாஜிஸ்திரேட்டுக்குப் புரியவில்லையோ என்று, அவரைப் பார்த்து மலாயிலும் சொன்னார். “சோத்தோங், துவான். சோத்தோங்.”

அன்று மொழிபெயர்ப்பு தேவைப்படாத ஒரே சொல் அதுதான். மாஜிஸ்திரேட்டுக்கு மலாயில் புரிந்தது, பெஞ்சுக்குத் தமிழில் புரிந்தது. நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. முன்வரிசையில் சம்பந்தியின் சால்வை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

மாஜிஸ்திரேட் கேட்டார், “கணவாயா?” நாகலிங்கம் ஒரு சொல்லும் தேடவில்லை. தலையை ஆட்டினார்.

தீர்ப்புக்கு அதிக நேரம் ஆகவில்லை. எழுதுவதற்கு முன் மாஜிஸ்திரேட் என்னைக் கூப்பிட்டு, அந்தத் தமிழ்ச் சொல்லை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். தட்டினேன் என்பதை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் ‘தம்ப்’ என்று போட்டார். “சம்மதமா?” என்றார். “முதல் சொல் அவருடையது, அடுத்தது யுவர் ஒர்ஷிப்புடையது,” என்றேன். சிரித்துக்கொண்டார். உயிரைக் காப்பாற்றத் தட்டியது குற்றமில்லை என்று காதர் பாயை விட்டுவிட்டார். நாகலிங்கத்திடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “இப்படிப்பட்ட சமயங்களுக்கு ஆங்கிலத்தில் ‘தேங்க்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது.”

நான் வெளியே வந்தபோது மூன்று பேரும் படிக்கட்டில் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. காதர் பாய்தான் முதலில் நாகலிங்கத்தின் அருகே போனார். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஐயா, வாய் தவறிப் போச்சு. கத்தரிக்காய்னு சொன்னதும் தாங்கல. நாளைக்கு வாங்க. கணவாயப் பொடியா நறுக்கிப் போடுறேன், மெல்ல வேண்டாம்.”

சம்பந்தி பக்கம் திரும்ப நாகலிங்கத்துக்குத் துணிச்சல் இல்லை. வெயிலில் அவர் நின்ற நிலையைப் பார்த்தபோது, என் வேலை போனாலும் பரவாயில்லை, இந்தக் கல்யாணம் நிற்கக் கூடாது என்று தோன்றியது. அவருக்காக இல்லை. எங்கோ வீட்டில் ஒன்றும் தெரியாமல் இருந்த அந்தப் பெண்ணுக்காக.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். நேரே என்னிடம் வந்தார்.

“தம்பி, நீர்தானே உள்ளுக்குக் கதைச்சது. ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லும். அந்த மனிசன் கடைசியாச் சொன்னது கணவாய்தானே?”

“ஆமாங்கய்யா.”

அவர் பெருமூச்சு விட்டார். “நான் பருத்தித்துறைக் கடற்கரையில பிறந்தவன். வந்த நாள் துவக்கம் இவற்ற வீட்டில கீரையும் பூசணிக்காயும்தான். சுத்த சைவக் குடும்பம், சம்பந்தம் குழம்பிப் போயிடும் எண்டு பயந்து, மீன் எண்ட சொல்லையே நான் வாயில எடுக்கேல்ல. கனவிலயும் மீன்தான் வருகுது. ஊருக்குத் திரும்பிப் போற கப்பலை எண்ணிக்கொண்டு இருக்கிறன்.” குரலைத் தாழ்த்தினார். “அந்தக் கடை எங்க இருக்கு, தம்பி? எப்பிடிப் போறது?”

நான் கையை நீட்டி, பள்ளிவாசல் சாலைக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன். நாகலிங்கம் குறுக்கே வந்து என் கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.

“வழி எனக்குத் தெரியும்,” என்றார்.

அன்று காலையிலிருந்து அவர் தமிழில் பேசிய முதல் வாக்கியம் அது. பல் இல்லாமலே தெளிவாக இருந்தது.